கிராம்புப் படத்தின் அடியில் இருந்த எழுத்து

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது நஞ்சப்பாவிடமிருந்து தொலைபேசி வந்தது. நஞ்சப்பா எங்கள் அலுவலகத்தில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். கன்னடக்காரர். என்னோடு தமிழில்தான் பேசுவார். விஷயம் பெரிதானால் மட்டும் பாதியில் கன்னடத்துக்கு மாறிவிடுவார். "சார், நம்ம ஃபிலோமினா மேடம் இருக்காங்கல்ல..." என்று தொடங்கினார். பிறகு "ஹோக்பிட்ரு சார்" என்றார். போய்விட்டார்கள்.

இரங்கல் எழுதுபவர்கள் இந்த இடத்தில் திகைத்து உட்கார்ந்துவிடுவது வழக்கம். நானும் வாயில் நுரையோடு உட்கார்ந்தேன். ஆனால் முதலில் வந்தது துக்கம் அல்ல, பயம். ஒரு விஷயம் இந்த உலகத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்திருந்தது. விவேக் நகர்ப் பாதிரியார் ஒருவரையும் சேர்த்தால் மூன்று பேர். அவர் வெளியே சொல்லக்கூடாதவர். ஃபிலோமினா மேடம் இறந்துவிட்டார் என்றால், இனி அதைச் சொல்லவேண்டிய ஆள் நான் ஒருவன்தான். சொல்லாமல் விட்டாலும் கேட்க ஆள் இல்லை. இந்த இரண்டில் எது அதிகப் பயமாக இருந்தது என்று அன்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

உங்களில் பலர் அவரை அல்சூரில் நம் தமிழ்ச் சங்க நூலகத்தில் பார்த்திருப்பீர்கள். சனிக்கிழமைகளில் வந்து கிழிந்த புத்தகங்களுக்கு வைத்தியம் பார்ப்பார். செலோடேப் ஒட்டிய புத்தகம் ஒன்றைக் கண்டு அவர் போட்ட கூச்சலில், தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து வாசகர் ஒருவர் செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடியது நினைவிருக்கலாம். நான் அவரை அறிந்தது வேறு இடத்தில். நகரத்தின் பழைய மரங்களுக்குப் பின்னால் இருக்கும் ஓர் அரசு அலுவலகம். பெயரை எழுதவில்லை. எழுதினாலும் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியாது. பழைய தாவரப் படங்களைப் பாதுகாப்பது அதன் வேலை. நான் அங்கே எழுத்தர். அவர் படங்களின் பொறுப்பாளர். அவருடைய பதவிக்கு அரசாங்கம் வைத்திருந்த பெயர் டிராஃப்ட்ஸ்மேன் என்பதால், ஆவணங்களின்படி அவர் முப்பது வருடம் ஆணாகவே பணியாற்றினார்.

அந்தப் படங்களில் நாற்பது மட்டும் தனிக்கட்டு. எல்லாம் வாசனைச் செடிகள்: கிராம்பு, சாதிக்காய், ஏலம், பட்டை, மிளகு, வால்மிளகு என்று போகும். கும்பெனிக்காரர்கள் குற்றாலத்துப் பக்கம் கிராம்புக் கன்று நட்டுப் பார்த்த காலத்தை ஒட்டி, ஒரு வெள்ளைக்கார டாக்டர் நம் பக்கத்து ஓவியர் ஒருவரை வைத்து வரைந்து வாங்கியவை. டாக்டரின் பெயர் தோல் அட்டையில் தங்க எழுத்தில் இருக்கிறது. ஓவியரின் பெயர் எங்கும் இல்லை. ஒவ்வொரு படத்தின் அடியிலும் டாக்டர் லத்தீன் பெயரை மையால் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே, கடுகளவு எழுத்தில், பென்சிலால், ஓவியர் செடியின் பெயரைத் தமிழில் எழுதிவைத்திருக்கிறார். புள்ளி வைக்காத பழைய எழுத்து.

"தன் பேரைப் போடல பாருங்க, செடி பேரைப் போட்டிருக்கான். நம்ம ஆபீஸ்ல அப்பிடி ஒரு ஆளைக் காட்டுங்க" என்பார் மேடம்.

கிராம்புப் படம்தான் அவருக்குச் செல்லம். ஒரு கிளை, எதிரெதிராக இலைகள், இலைப் பச்சையின் மேல் பிசின் தடவிய பளபளப்பு, கிளை நுனியில் கொத்தாக மொட்டு. ஓரத்தில் ஒற்றைக் கிராம்பு, காய்ந்தது, நிழலோடு. அந்த நிழலைப் பார்த்துவிட்டு விரலால் எடுக்கப் போனவர்கள் உண்டு. "இலையை மரத்தைப் பாத்து வரைஞ்சிருக்கான். மொட்டு மட்டும் மளிகைக்கடை மொட்டு. மரத்துல இருக்கறப்போ இவ்ளோ பழுப்பா இருக்காது. மரம் பூக்கற வரைக்கும் டாக்டர் அவனை வெயிட் பண்ண விடல போல" என்று ஒருநாள் சொன்னார். இருநூறு வருடத்துக்கு முந்தைய ஓர் ஆளுக்குப் போதுமான அவகாசம் கிடைக்கவில்லையே என்று அவர் அன்று மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் அறிந்த மனிதர்களிலேயே அதிகமாகப் பயந்தவர் அவர். வெளிச்சத்துக்குப் பயம்: நிறம் வெளுக்கும். இருட்டுக்குப் பயம்: காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சி வரும். மழைக்குப் பயம், வெயிலுக்குப் பயம், கை கழுவாதவர்களுக்குப் பயம், கழுவிவிட்டுத் துடைக்காதவர்களுக்கு அதைவிடப் பயம். தும்மப்போகும் முகத்தைப் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பார். மேலிடத்திலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் கிராம்புப் படத்தை முகர்ந்து பார்க்கக் குனிந்தபோது, "சார், மூச்சு விடாதீங்க!" என்று கத்திவிட்டார். பெரிய மனிதர் நிஜமாகவே மூச்சை நிறுத்திக்கொண்டார். இயக்குநரும் நிறுத்திக்கொண்டார். "இப்ப விடலாம்" என்று மேடம் சொல்லும்வரை அலுவலகத்தில் யாரும் சுவாசிக்கவில்லை.

இந்தப் பயங்களில் ஒன்று படிவமாக மாறியது. ஒருமுறை ஏலக்காய்ப் படம் இரண்டு நாள் காணாமல் போய், இயக்குநரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடைத்தது. மனிதருக்குப் பிடித்திருந்ததாம், வைத்துக்கொண்டாராம். மேடத்துக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. காய்ச்சல் விட்டதும் அவரே உட்கார்ந்து 'இடமாற்றப் படிவம்' என்று ஒன்றை உருவாக்கினார். எந்தப் படத்தையும் அது இருக்கும் இடத்திலிருந்து வேறு இடத்துக்குக் கொண்டுபோக மூன்று கையெழுத்து வேண்டும்: இயக்குநர், பொறுப்பாளர், எழுத்தர். கையெழுத்து இல்லாமல் நகர்த்தினால் விசாரணை. சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தவன் நான். இதை நீங்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து நடந்ததற்கு இந்தப் படிவம்தான் காரணம் என்று ஏழு வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் பெங்களூர்த் தமிழர்கள் எப்படி இருந்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. காவிரித் தண்ணீரை ஒட்டிக் கலவரம். கடைக்காரர்கள் சிலர் தங்கள் பலகையில் இருந்த தமிழ் எழுத்தின் மேல் தாங்களே பெயின்ட் அடித்தார்கள். நான் ஒக்கலிபுரத்தில் ஓர் அறையில் தனியாகக் குடியிருந்தேன். என் அறையில் இருந்த ஒரே தமிழ் தினசரிக் காலண்டர்தான். அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டு, தேதி தெரியாமல் இருந்தேன். பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாள் இரண்டு வேளையும் சாப்பாடு கொண்டுவந்து, "பயப்படபேடி, நாவு இதீவி" என்று சொல்லிவிட்டுப் போவார். நாங்கள் இருக்கிறோம், பயப்படாதே என்று அர்த்தம். அந்த நாட்களில் நான் மிக அதிகமாகப் பயந்தது அவர் கதவைத் தட்டும் சத்தத்துக்கு.

நிலைமை கொஞ்சம் தணிந்திருந்த ஒரு பகல், அலுவலகம் திறந்தார்கள். வராதவர்களுக்கு லீவு கழியும் என்று சொல்லியிருந்ததால் நான் போனேன். இயக்குநர் வரவில்லை. மேடம் வரவில்லை. வந்திருந்த நாலைந்து பேரும் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிட்டார்கள். பூட்டும் பொறுப்பு எனக்கு. வாசலில் நஞ்சப்பா மட்டும். சன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தபோது தூரத்தில் கோஷம் கேட்டது.

நஞ்சப்பா உள்ளே ஓடிவந்தார். "சார், ஊர்வலம் வருதாம். நீங்க வெளிய பர்பேடி, வராதீங்க. நான் கேட்ல நிக்கிறேன். யாரு கேட்டாலும் உள்ள ஒப்பரும் இல்ல, யாருமே இல்லன்னுடறேன்."

"கேட்காம உள்ள வந்துட்டா?"

"நம்ம ஆபீஸ்க்கா?" என்றார் நஞ்சப்பா. அதில் இருந்த நியாயத்தை யோசிக்கும் நிலையில் நான் இல்லை. சமாதான காலத்திலேயே வருடத்துக்கு ஆறு பேருக்கு மேல் வராத இடம் அது. ஊர்வலம் போகிறவர்கள் வழியில் தாவரப் படங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கமாட்டார்கள். ஆனால் பயம் இப்படிக் கணக்குப் போடுவதில்லை. முன்கூடத்தில், வாசலைப் பார்த்தபடி, கண்ணாடிச் சட்டத்துக்குள் கிராம்புப் படம் மாட்டியிருந்தது. நாற்பதில் அது ஒன்றுதான் வெளியே இருந்தது. அதன் அடியில் கடுகளவுக்குத் தமிழ். வாசலிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. கைக்கண்ணாடி வைத்துத்தான் படிக்கவேண்டும். அன்று எனக்கு அது பேருந்துப் பலகை அளவுக்குத் தெரிந்தது.

கழற்றி இரும்பு பீரோவுக்குள் வைத்திருக்கலாம். பீரோ சாவி மேடத்திடம் இருந்தது என்றாலும், என் மேசைக்கு அடியில் வைத்திருக்கலாம். கழிவறையில் வைத்திருக்கலாம். ஆனால் அது இடமாற்றம். மூன்று கையெழுத்து வேண்டும். இரண்டு பேர் லீவு. படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, அங்கேயே துடைத்து, அதே ஆணியில் மாட்டினால் அது இடமாற்றம் அல்ல, பராமரிப்பு. பராமரிப்புக்குப் படிவம் கிடையாது. வெளியே கோஷம் நெருங்கிக்கொண்டிருந்தபோது, உயிர்ப்பயத்தில் இருந்த ஒரு மனிதன் இந்தச் சட்டநுணுக்கத்தை யோசித்தான் என்பதை நீங்கள் நம்பவேண்டும். நான் அரசு ஊழியன்.

மேடத்தின் மேசை இழுப்பறையில் ஒரு மெத்தென்ற ரப்பர் இருந்தது. சட்டத்தின் பின்பக்க ஆணிகளை ஸ்கேலால் நெம்பினேன். கை வியர்த்திருந்தது, மேடம் பார்த்திருந்தால் அதற்கே மயங்கியிருப்பார். ஓவியர் எழுதிய எழுத்தை இடமிருந்து வலமாக, மெதுவாக அழித்தேன். லத்தீனைத் தொடவில்லை. லத்தீனுக்கு எதிராகக் கலவரம் எதுவும் இல்லை. ரப்பர் துகளை ஊதிவிட்டு, மாட்டிவிட்டு, மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து நஞ்சப்பா எட்டிப் பார்த்தார். "எழுந்திருங்க சார். அது பேறே ரோடு, வேற ரோடு. அந்தப் பக்கமே போயிடுச்சு."

மேடம் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு வாரம் நான் பட்ட பயத்துக்கு முன்னால் கலவரப் பயம் சாதாரணம். கலவரத்தில் நமக்கு ஆகாதவர்கள் யார் என்று தெரியாது. இங்கே எனக்கு எதிராக வரப்போகிறவரின் பெயர், முகவரி, செருப்புச் சத்தம் எல்லாம் தெரியும். வந்த அன்று அவர் உற்சாகமாகத்தான் இருந்தார். "நானும் எங்கக்காவும் பஸ்ல ஜெபமாலையை இங்கிலீஷ்ல சொல்லிட்டு வந்தோம் மேன். மாதா பாவம், யாரோ புது ஆளுங்கன்னு நெனச்சிருக்கும்" என்று சிரித்துக்கொண்டே முன்கூடத்துக்குள் வந்தார். கிராம்புப் படத்தைக் கடந்து நாலடி போனார். நின்றார். திரும்பி வந்தார். சட்டத்தைக் கழற்றவில்லை. கண்ணாடிக்கு முன்னால் மூக்கை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"சுந்தரம். கதவை சாத்துங்க."

சாத்தினேன்.

"இது யாரு?"

"எது மேடம்?"

"என் மூஞ்சியைப் பாத்துப் பேசுங்க."

பார்த்தேன். அதற்குமேல் நான் எதுவும் சொல்லவேண்டி இருக்கவில்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். முகம் வெள்ளையாகிவிட்டது.

"கழட்டி உள்ள வெச்சிருக்கலாமே மேன்? எவ்ளோ இடம் இருக்கு!"

"இடமாற்றப் படிவத்துல மூணு கையெழுத்து வேணுமே மேடம். நீங்க லீவு. டைரக்டரும் லீவு."

அவர் என்னைப் பார்த்தார். இவன் கிண்டல் செய்கிறானா என்று தேடினார். நான் கிண்டல் செய்யவில்லை என்று தெரிந்ததும், கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். "அய்யோ மாதாவே" என்றார். "அந்த ஃபாரம் நான் போட்டது."

அன்று மாலை வெயில் மேற்குச் சன்னல் வழியாகச் சாய்ந்து விழும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். சட்டத்திலிருந்து எடுத்த படத்தை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, வெயிலுக்குச் சரிவாகப் பிடித்தார். வெறும் காகிதம் போலிருந்த இடத்தில் நிழல்கோடுகள் தெரிந்தன. ஓவியர் பென்சிலை அழுத்திப் பிடித்து எழுதுகிறவர். ஈயம் போயிருந்தது, பள்ளம் போகவில்லை. கிராம்பு என்று படிக்க முடிந்தது.

"இருக்கு" என்றார் மேடம். "இப்போதைக்கு இருக்கு. காகிதம் ஈரத்துல ஊதுச்சுன்னா இதுவும் போயிடும்."

"மேலே பென்சிலால எழுதிடலாமா மேடம்? உங்களுக்குத்தான் கை வருமே."

"அப்ப அது என் எழுத்து மேன். அவன் எழுத்து இல்ல."

அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அதே சன்னலில் அந்தப் படத்தைச் சரித்துப் பார்ப்பார். நான் என் இருக்கையில் பேனாவைப் பிடித்தபடி காத்திருப்பேன். "இருக்கு" என்பார், என்னைப் பார்க்காமல். இருவரும் வேலைக்குத் திரும்புவோம். வருடாந்தரச் சரிபார்ப்புக்கு அதிகாரிகள் வரும் நாட்களில் அவருக்கு வயிறு கெடும். எனக்கும் கெடும். இருவரும் ஒரே மாத்திரையை வாங்கி ஆளுக்குப் பாதி போட்டுக்கொண்ட வருடமும் உண்டு. அதிகாரிகள் படங்களை எண்ணுவார்கள். நாற்பது இருந்தால் போய்விடுவார்கள். படத்தைப் பார்ப்பது அவர்கள் வேலையில் சேராது.

இதில் அவருக்கு இருந்த இன்னொரு சிக்கல் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சொல்லாமல் இருப்பதும் பொய்தான் என்று அவர் நினைத்ததால், விவேக் நகர்க் கோவிலில் ஒவ்வொரு முறை பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போதும் இதையே சொன்னார். "ஃபாதர் கோவிச்சுக்கிட்டார் சுந்தரம். ஏம்மா, உனக்கு வேற பாவமே கெடையாதா, அஞ்சு வருஷமா ஒண்ணையே கொண்டாரியேன்னு கேக்கறார். நான் என்ன பண்றது, எனக்கு நேரம் எங்க இருக்கு?"

ஏழாம் வருடம் வெளிநாட்டிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். நாற்பது படங்களையும் பெரிய புத்தகமாகப் போடத் திட்டம். பத்து நாள் உட்கார்ந்து பார்த்தார். நிஜமாகவே பார்த்தார், எங்கள் அலுவலகத்தில் அது நடந்து பழக்கமில்லை. முடிவில் இயக்குநர் அறையில் ஒரு கூட்டம். இயக்குநர், ஆய்வாளர், மேடம், குறிப்பெடுக்க நான். முப்பத்தொன்பது படங்கள் ஒரே கை என்றார் ஆய்வாளர். அடியில் இருக்கும் தமிழ் எழுத்தே சாட்சி. கிராம்பு மட்டும் வேறு யாரோ வரைந்தது. எழுத்து இல்லை, மொட்டின் நிறமும் ஒத்துவரவில்லை. புத்தகத்தில் சேர்க்க முடியாது. கட்டிலிருந்தும் பிரித்துவிடுவது நல்லது.

இயக்குநர் தலையாட்டினார். "அப்ப அதை இதரவைக்கு அனுப்பிடலாம்."

இதரவை என்பது வேறு ஊரில் தலைமை அலுவலகத்துக்கு இருந்த கிடங்கு. எந்தக் கட்டிலும் சேராதவை அங்கே போகும். அந்தக் கிடங்கின் கூரை பற்றி மேடம் ஒருமுறை சொன்னார்: "மழை வெளிய பெய்யறதுக்கு முன்னாடி உள்ள பெய்யும்." அங்கே ஒரு பருவமழைக்கு அந்தப் பள்ளம் தாங்காது. பிறகு, ஓவியர் அந்தப் படத்தை வரைந்தார் என்பதற்கு எந்தத் தடயமும் இருக்காது. எனக்கு இது தெரியும். நான் குறிப்பேட்டில் 'இதரவை' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

மேடத்துக்கு ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. இயக்குநர் முன்னால் அவர் அதுவரை கேட்காமல் பேசியதில்லை, மூச்சு விஷயம் தவிர.

"இல்ல சார்" என்றார். "இதுலயும் எழுத்து இருந்தது."

"இருந்ததா? எல்லிதே அம்மா? எங்க?"

"அழிஞ்சிருக்கு. நான் காட்டறேன்."

முன்கூடத்துக்குப் போனோம். நல்லவேளை, வெயில் இருந்தது. அவர் படத்தைச் சரித்துப் பிடித்தார். ஆய்வாளர் கைக்கண்ணாடியோடு குனிந்தார், மூச்சை அவரே நிறுத்திக்கொண்டு. பிறகு மற்றப் படங்களின் எழுத்தோடு ஒவ்வொரு வளைவாக ஒப்பிட்டுப் பார்த்தார். அதே கை என்று ஒப்புக்கொண்டார். கிராம்பு கட்டுக்குத் திரும்பியது. ஆய்வாளர் சந்தோஷமாக மேடத்தின் கையைக் குலுக்கினார்.

இயக்குநர் சந்தோஷப்படவில்லை. "யாரு அழிச்சது?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். எத்தனையோ முறை மனத்துக்குள் திறந்து பார்த்திருக்கிறேன். மிகத் தெளிவாகப் பேசுகிறேன். அன்று நான் குறிப்பேட்டைப் பார்த்தபடி நின்றேன்.

மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. "படம் என் பொறுப்புல இருந்தது சார்" என்றார்.

அது பொய் இல்லை. பொய் சொல்லாமல் என்னைக் காப்பாற்ற ஒரு வாக்கியம் கண்டுபிடிக்க அவருக்கு ஏழு வருடம் ஆகியிருக்கிறது. அவருக்குக் குற்றக்குறிப்பாணை போயிற்று: 'தம் பொறுப்பிலிருந்த அரிய படத்தின் எழுத்து அழியும்வண்ணம் கவனக்குறைவாக இருந்தமை.' அதைத் தட்டச்சு செய்தவன் நான். ஒரு பிழையும் இல்லை. அவர் மேசைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன், ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லச் சொன்னார், சொன்னேன், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினேன். "வண்ணம்னா கலர்தானே மேன்? படத்தைப் பத்தின மெமோல கலர் இருக்கறது நல்லதுதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஏழு மாதம் கழித்து, விசாரணை நிலுவையில் இருந்ததால், வழக்கமான மாலை மரியாதை இல்லாமல் ஒரு வெள்ளிக்கிழமை சாவிகளை ஒப்படைத்துவிட்டுப் பேருந்து ஏறினார்.

புத்தகம் வந்தது. கனமான புத்தகம். நன்றியுரையில் மேடத்தின் பெயர் இல்லை. குற்றக்குறிப்பாணை உள்ளவரை அச்சில் பாராட்டுவது முறையல்ல என்று அலுவலகம் கருத்துத் தெரிவித்திருந்தது. 'படங்களை மிகுந்த கவனத்துடன் கையாண்டமைக்காக' என்று என் பெயர் இருக்கிறது. ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நன்றியுரைப் பக்கத்தைப் புரட்டாமல் இருப்பாரா என்று பார்த்தேன். புரட்டினார், படித்தார், அடுத்த பக்கத்துக்குப் போனார். கிராம்புப் படத்துக்கு வந்ததும் கைக்கண்ணாடியை எடுத்தார்.

"பச்சை கொஞ்சம் தூக்கலா அடிச்சிட்டாங்க" என்றார். "காபி குடிக்கிறீங்களா?"

அதற்குப் பிறகு அவர் சங்க நூலகத்துக்கு வரத்தொடங்கினார். உங்களில் சிலருக்கு அவர் ஏதோ அலுவலகத் தவறில் மாட்டி வெளியே வந்தவர் என்று காதில் விழுந்திருக்கும். ஒருவர் என்னிடமே கேட்டார், அவங்க மேல ஏதோ கேஸாமே என்று. எனக்குத் தெரியாது என்றேன்.

அடக்கத்துக்கு விவேக் நகர் போயிருந்தேன். வீட்டு வாசலில் அவருடைய அக்கா உட்கார்ந்திருந்தார். ஜெபமாலையை இங்கிலீஷில் சொல்லிய அந்த அக்கா. என் பெயரைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒக்கலிபுரம் சுந்தரம்தானே நீங்க? டிசம்பர் வந்தா உங்க பேருக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்துவா. வருஷா வருஷம். யாருடி அதுன்னா, 'எங்க ஆபீஸ்ல ஒரு ஆளு, ரொம்பப் பயந்த சுபாவம், பாவம்'னுவா. நான் சிரிப்பேன். நீ சொல்றியாடி அடுத்தவங்களைப் பாத்துன்னு கேப்பேன்."

"வேற ஏதாவது சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டேன். துக்க வீட்டில் கேட்கிற கேள்வி இல்லை. பயம் கேட்க வைத்தது.

"வேற என்ன? ஏன், ஏதாவது இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. பழக்கம். அதை நிறுத்திவிட்டு, சவப்பெட்டி கிளம்பும்வரை இருந்த அரைமணி நேரத்தில், மேலே நீங்கள் படித்த எல்லாவற்றையும் அந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் என் கையை விடவில்லை, இறுக்கவும் இல்லை. முடிந்ததும், "இதை ஆபீஸ்ல சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த திங்கட்கிழமை எல்லாவற்றையும் ஒரு கடிதமாக எழுதி இயக்குநரிடம் எடுத்துப் போனேன். இப்போதைய இயக்குநர் இளைஞர். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார். படித்ததும் அவர் முகம் மாறியது.

"இப்ப எதுக்கு சார் இது? அவங்க போயிட்டாங்க. ஃபைல் க்ளோஸ் ஆயிடுச்சு. உங்களுக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு. திறந்தா உங்க மேலதான் என்கொயரி வரும், தெரியும்ல?"

"தெரியும் சார்."

"ஒரு நாள் யோசிங்க."

"யோசிச்சா கொடுக்கமாட்டேன் சார்."

கடிதத்தில் இரண்டு கோரிக்கைகள். ஒன்று, அந்தக் குறிப்பாணையில் அவர் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயர் வரவேண்டும். இரண்டு, புத்தகம் மறுபடி அச்சானால், எழுத்து இருந்தது என்று காட்டியவர் ஃபிலோமினா என்று நன்றியுரையில் இருக்கவேண்டும். முத்திரை குத்தி ஒப்புதல் வாங்கிக்கொண்டேன். மூன்று வாரம் ஆகிறது. பதில் வரவில்லை. நம் இதழில் ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள்; நீளமாகிவிட்டதற்கு மன்னிக்கவும். அவரைக் கவனக்குறைவானவர் என்று கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் இதைப் படிக்கவேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. தபால் பையைத் திறக்கும் சத்தம் கேட்டால், செய்கிற வேலையை விட்டுவிட்டு என் பெயர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறேன். ஃபிலோமினா மேடத்துக்கும் கடைசிவரை போகவில்லை. நான் அவரை முப்பது வருடம் பயந்தவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது சரிதான். ஆனால் அந்தப் பயத்தோடு அவர் தினமும் காலை ஒன்பதரைக்கு வந்து பீரோவைத் திறந்தார். ஒருநாள்கூடப் பயமாக இருக்கிறது என்று லீவு போட்டதில்லை, பேருந்தே ஓடாத அந்த ஒரு வாரத்தைத் தவிர. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். நாளை காலையும் பயந்துகொண்டேதான் அலுவலகம் போவேன். ஒன்பதரைக்குள் போய்விடுவேன்.